மூக்குக் கண்ணாடியில் பதிந்த எட்டு

திருநின்றவூர்
9 ஜூன் 2024

மதிப்புக்குரிய ஆக்னஸ் ஆன்ட்டிக்கு,

நான் கலைவாணி. மண்ணூர்பேட்டைப் பட்டறையில் ஆரோக்கியம் மாமாவோடு வேலை பார்த்த உலகநாதனின் மகள். பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "ராங் நம்பர்" என்றீர்கள். உங்கள் குரல்தான் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குப் பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி போய்விட்டது. மிச்சமிருக்கும் பேச்சில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். "ஆரோக்கியத்த நாந்தான் கொன்னேன்." ஊசி போட வரும் நர்ஸிடம் சொல்கிறார். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் சொல்கிறார். அந்த மனிதர் போன மாதம் பயந்துபோய் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆன்ட்டி, அது அப்பாவின் வாக்கியம் இல்லை. உங்களுடையது. 2004 நவம்பரில், மாமாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் பக்கத்தில் நான் நின்றேன். எனக்குப் பதினைந்து வயது. எல்லோரும் குழியில் பிடி மண் போட்டார்கள். அப்பாவும் குனிந்து மண் எடுத்தார். நீங்கள் சத்தம் போடவில்லை. "உன் பீடிதான் அவரைக் கொன்னுது. உன் கை மண்ணு அவர் மேல விழக் கூடாது" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த மண்ணை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டே அப்பா ரயிலில் ஊர்வரை வந்தார். எங்கே போட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். கதிர்வீச்சு பிளாஸ்டிக்கில் விட்டுப்போகும் தடங்களைப் படிப்பது என் வேலை. உங்கள் திருமண வெள்ளிவிழாவுக்கு மாமா ஒரு கப்பல் கடிகாரத்தின் டயலை மரத்தில் பதித்துக் கொடுத்தாரே, இருட்டில் பச்சையாக மின்னும் எண்களோடு, அது இன்னும் இருக்கிறதா? பட்டறைக்கு வந்த, உடைத்த கப்பலின் சாமான்களிலிருந்து அதைப் பொறுக்கி மாமாவிடம் கொடுத்தது அப்பாதான். அந்தப் பச்சைப் பூச்சில் ரேடியம் இருக்கிறது. மின்னுவது காலப்போக்கில் நின்றுபோகும். ரேடியம் நிற்காது. அது உங்கள் அறையில் இருந்தால் தயவுசெய்து அங்கே தூங்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதைத் தொடவோ துடைக்கவோ வேண்டாம்.

மாமாவின் மூக்குக் கண்ணாடியை வைத்திருக்கிறீர்களா? அதன் லென்ஸ் பிளாஸ்டிக். கதிர்வீச்சை அளக்க நாங்கள் பயன்படுத்துவதும் அதே வகைப் பிளாஸ்டிக்தான். அது ஒருவேளை நமக்கு ஏதாவது சொல்லலாம்.

அப்பா போவதற்குள் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வேண்டும். அவர் கொல்லவில்லை என்று.

கலைவாணி


அம்பத்தூர்
15.6.2024
மரியே வாழ்க

கலைவாணிக்கு,

போன் விஷயம் உண்மை. முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள் நான். மனிதர்கள் போனில் எதையெல்லாம் சொல்லிவிட்டு மறுநாள் சொல்லவே இல்லை என்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுது. எழுதினால் பதில் வரும்.

உன் அப்பாவின் உடல்நிலைக்கு வருந்துகிறேன்.

கல்லறையில் சொன்னதை நான் மறுக்கவில்லை. நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்குக் காப்பி போட வேண்டும் என்பதற்காக எண்ணி வைத்திருந்தேன். என் கணவர் அந்தப் பட்டறையில் சேரும்வரை புகையிலையைத் தொட்டதில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் சட்டைப் பையில் கிராம்பு இருந்தது. வாசனையை மறைக்கக் கிராம்பு மெல்லக் கற்றுக்கொடுத்ததும் உன் அப்பாவாகத்தான் இருக்கும். நுரையீரலில் வந்த புற்றுநோய் எங்கிருந்து வந்தது என்று டாக்டர்கூட என்னிடம் கேட்கவில்லை. "சிகரெட்டா பீடியா?" என்றுதான் கேட்டார்.

இன்னொன்றையும் நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். 2001 ஜூலையில் உன் அப்பா குடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். "அந்த டயலக் குடுத்துடு தங்கச்சி" என்றார். கொடுத்த பரிசை ஆறு வருடம் கழித்துத் திருப்பிக் கேட்கிற மனிதரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வெளியே அனுப்பினேன்.

டயல் இங்கேதான் இருக்கிறது. படுக்கையறை மேஜையில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில். என் கணவர் அதைத் தேக்குக் கட்டையில் படுக்க வைத்துப் பதித்து, மேலே கிளாஸ் மூடி போட்டு, ஓரமெல்லாம் மெழுகால் அடைத்துச் செய்தார். அவர் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும். கிளாஸ் மூடிக்குள் இருக்கிற பொருள் எப்படி வெளியே வந்து ஒருவரைக் கொல்லும்? அதை முதலில் சொல்.

அந்த அறையில் தூங்க வேண்டாம் என்கிறாய். தினமும் எட்டரை மணிச் செபமாலை முடிந்ததும் அந்த மேஜையில் அவருடைய மூக்குக் கண்ணாடியின் சத்தம் கேட்கிறது. டக் என்று ஒரே சத்தம். கரண்ட் போனால் தடவித் தேட வேண்டாம் என்று அவர் அதை டயலின் வெளிச்சத்தின் மேல்தான் கவிழ்த்து வைப்பார். இருபது வருடமாக அந்தச் சத்தம் ஒரு நாளும் தவறியதில்லை. அதை விட்டுவிட்டு நான் ஹாலில் போய்ப் படுக்க வேண்டுமா?

ஒருவேளை என்கிற சொல்லை நம்பி நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன். சான்று காட்டு. காட்டினால் திரும்பப் பெறுகிறேன். மூக்குக் கண்ணாடியை வைத்து என்ன செய்வாய் என்பதையும் ஒளிக்காமல் எழுது.

திருமதி ஆக்னஸ் ஆரோக்கியசாமி


திருநின்றவூர்
23 ஜூன் 2024

ஆக்னஸ் ஆன்ட்டிக்கு,

அப்பா அன்று குடித்திருந்தார், உண்மை. குடிக்காமல் உங்கள் வாசலில் நிற்க அவருக்குத் தைரியம் கிடையாது. பட்டறைக்கு வந்த ஒரு கப்பல் இன்ஸ்பெக்டர் அந்தப் பூச்சு ஆபத்து என்று சொன்னாராம். அதனால்தான் கேட்க வந்தார். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள். அப்பா அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை.

கிளாஸ் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ரேடியம் ஆல்ஃபா துகள்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குப் பலம் அதிகம், தூரம் குறைவு. ஒரு காகிதம் குறுக்கே இருந்தாலே நின்றுவிடும். ஆனால் தூளாகவோ வாயுவாகவோ மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். கிளாஸ் மூடி மெழுகோடு இருந்திருந்தால் பூச்சின் தூளும் அதிலிருந்து வரும் வாயுவும் பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். லென்ஸிலும் ஒரு தடமும் இருக்காது. அப்படி இருந்தால் நான் தோற்றேன். மறுபடி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். கிளாஸ் இல்லாமல் இருந்தால் மட்டுமே லென்ஸில் தடம் இருக்கும்.

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். வழக்கமாக நாங்கள் செய்வது இதுதான். ஆல்ஃபா துகள் பிளாஸ்டிக்குக்குள் புகும்போது வழியில் இருக்கும் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்துக்கொண்டு போகும். அந்தத் தடம் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸை வெட்டி, காஸ்டிக் சோடாக் கரைசலில் எழுபது டிகிரிச் சூட்டில் ஆறு மணி நேரம் போட்டால் தடங்கள் அரித்துக் குழிகளாகப் பெரிதாகும். பிறகு மைக்ராஸ்கோப்பில் எண்ணுவோம்.

லென்ஸ் திரும்பி வராது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கலைவாணி


அம்பத்தூர்
29.6.2024

கலைவாணிக்கு,

அவர் பார்த்த லென்ஸை வெட்டி, எரிசோடாவில் ஆறு மணி நேரம் வேக வைப்பாய். அதைத் தபாலில் கட்டி அனுப்ப நான் வேண்டும். நன்றாக இருக்கிறது.

முடியாது.

பொய் சொல்லி வாங்கப் பார்க்கவில்லை என்பதற்காக மட்டும் இந்தப் பதில்.

ஆ. ஆ.


திருநின்றவூர்
7 ஜூலை 2024

ஆன்ட்டி,

ஒரு வாரம் யோசித்தேன். வேறு வழி இருக்கிறது. பள்ளியில் ராமன் விளைவு படித்திருப்பீர்கள். ஒரு பொருளின்மேல் ஒற்றை நிற ஒளியை விட்டால் திரும்பி வருவதில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளுக்குள் எந்தப் பிணைப்பு அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. அறுந்துபோன பிணைப்பு அந்த இடத்தில் பதில் சொல்லாது. ஒவ்வொரு புள்ளியாக லேசரை நகர்த்தி, எங்கே பதில் குறைகிறது என்று வரைபடம் போடலாம். வெட்ட வேண்டாம், வேக வைக்க வேண்டாம். ஒளி மட்டும்தான் படும்.

ஆனால் ஒரு குறை. தடங்கள் கொஞ்சமாக இருந்தால் இந்த முறையில் தெரியாது. மிக மிக நெருக்கமாக இருந்தால்தான் தெரியும். தெரியாவிட்டால் அதையும் உங்களுக்கு எழுதுவேன்.

இத்தோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் சதுரம் வைத்திருக்கிறேன். நான் அனுப்பும் கவருக்குள்ளேயே அதைத் திருப்பி அனுப்பலாம். மூக்குக் கண்ணாடி எப்படி இருக்குமோ அப்படியே டயலின்மேல் ஒரே ஓர் இரவு வைக்க வேண்டும். ஓர் இரவுக்கு எவ்வளவு என்று தெரிந்தால் லென்ஸில் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்று கணக்கிடலாம். வைத்துவிட்டு நீங்கள் ஹாலில் தூங்குங்கள். இதைக் கேட்பது சரியா என்று எனக்கே தெரியவில்லை. முதல் கடிதத்தில் தொடாதீர்கள் என்றவள் இப்போது தொடச் சொல்கிறேன். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அப்பா நேற்றிலிருந்து சாப்பாட்டை விழுங்கச் சிரமப்படுகிறார்.

கலைவாணி


அம்பத்தூர்
22.7.2024

கலைவாணிக்கு,

மூக்குக் கண்ணாடியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். 1996 மார்ச்சில் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் வாங்கியது. இடது கை ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இறுக்கப் பார்க்காதே, அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.

சதுரம் சனிக்கிழமை இரவு 8.50க்கு வைத்தேன். ஞாயிறு காலை 5.30க்கு எடுத்தேன். எட்டு மணி நாற்பது நிமிடம். எண் எட்டின் மேல் வைத்தேன், ஏனென்றால் அவர் அங்கேதான் வைப்பார்.

ஹாலில் தூங்கவில்லை.

ஆக்னஸ் ஆரோக்கியசாமி


திருநின்றவூர்
25 ஆகஸ்ட் 2024

ஆன்ட்டி,

முதலில் வேண்டுகோள். டயலை எடுத்துப்போக அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். கோபப்படுங்கள், ஆனால் கதவைத் திறந்துவிடுங்கள். நீங்கள் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சதுரத்தில் பதிந்ததைப் பார்த்த அன்றே அவர்களுக்குப் போன் செய்தேன். அந்த ஓர் இரவை நான் கேட்டிருக்கக் கூடாது.

லென்ஸின் வரைபடம் போடப் பதினொரு நாள் ஆனது. இடது லென்ஸில் ஒன்றும் பெரிதாக இல்லை. வலது லென்ஸின் நடுவில், வெளிப்பக்கம், கவிழ்த்தால் டயலில் படும் மேட்டில் பிணைப்புகள் பெருமளவு அறுந்திருக்கின்றன. அவை சிதறிக் கிடக்கவில்லை. ஓர் உருவமாக இருக்கின்றன. திரையில் அது வரிசை வரிசையாக நிரம்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் என் சக ஆராய்ச்சியாளர் சித்ரா எட்டிப் பார்த்து, "என்னடி இது, யாரோ எட்டு எழுதியிருக்காங்க?" என்றாள்.

எட்டுதான். இடம் வலம் மாறி, ஓரங்கள் மங்கி, ஆனால் எட்டு. அதற்குப் பக்கத்தில் ஒன்பதின் வால் கொஞ்சம். கையால் தடவினால் ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்தால் தெளிவான லென்ஸ். உள்ளே, ஒரு தலைமுடியின் பாதி தடிமனில், அந்த எண் இருக்கிறது.

இரண்டு விஷயங்களை நான் கேட்டாக வேண்டும்.

ஒன்று. கிளாஸ் இருந்திருந்தால் இது பதிந்திருக்கவே முடியாது. டயல் வெறுமையாகத்தான் இருந்திருக்கிறது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்று சதுரம் சொல்கிறது. கிளாஸ் எப்போது போனது?

இரண்டு. ரேடியம் ஆயிரத்தறுநூறு வருடத்தில்தான் பாதியாகும். அதனால் 1996இன் ஓர் இரவும் 2024இன் ஓர் இரவும் கிட்டத்தட்ட ஒன்றே. புதுப் பிளாஸ்டிக்கில் தெரிந்த அளவு ஆல்ஃபாவை விட்டு ஒப்பிட்டேன். ஐந்து முறை கணக்குப் போட்டேன். லென்ஸில் இருப்பது எட்டாயிரத்திலிருந்து பதினோராயிரம் இரவுகள்வரை. மாமா அந்த மூக்குக் கண்ணாடியோடு வாழ்ந்தது மூவாயிரத்துச் சொச்சம் இரவுகள்தான்.

மிச்ச இரவுகள் யாருடையவை, ஆன்ட்டி?

நீங்கள் சான்று கேட்டீர்கள். இது எது என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் ரேடியம் வெளியே இருந்தது என்பதற்கு இது சான்று. மாமாவைக் கொன்றது அதுதான் என்பதற்குச் சான்று இல்லை. அவர் பீடியும் குடித்தார். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எது கொன்றது என்று எந்த லென்ஸாலும் சொல்ல முடியாது. அந்தப் பேரத்தில் நான் ஜெயிக்கவில்லை.

கலைவாணி


அம்பத்தூர்
15.9.2024
வியாகுல மாதா திருநாள்

கலைவாணிக்கு,

மூன்று வாரம் தாமதம். இதற்கு முன் நான் எந்தக் கடிதத்துக்கும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டதில்லை.

உன் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். மிச்ச இரவுகள் என்னுடையவை. செபமாலை முடிந்ததும் அலமாரியிலிருந்து அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, டயலின்மேல் கவிழ்த்து வைப்பேன். டக் என்று கேட்கும். காலையில் எடுத்து உள்ளே வைப்பேன். அவர் அடக்கம் முடிந்த இரவிலிருந்து அதைச் செய்கிறேன். உனக்கு எழுதும்போது சத்தத்தை எழுதினேன், கையை எழுதவில்லை. பொய் எழுதினேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சில வருடங்களாக வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வேன். திரும்பி நின்றால் வேறு யாரோ வைத்தது போல இருக்கும்.

இனி முதல் கேள்வி. 1997 மழைக்காலத்தில் கிளாஸுக்கு உள்ளே ஈரம் ஏறி, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு பூஞ்சை வட்டம் வந்தது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தபோது சமையல் கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியைக் கழற்றினேன். வந்து பார்த்தார். "கழட்டிட்டியா ஆக்னஸ்?" என்றார். "இப்பதான் சுத்தமா இருக்கு" என்றேன். அவர் வேறொரு கிளாஸ் வெட்டிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். அதன்பிறகு தினமும் காலையில் ஒரு சின்னப் பெயின்ட் பிரஷ்ஷால் எண்களைத் தட்டிவிடுவேன். பிரஷ்ஷின் நுனி லேசாகப் பழுப்புப் பச்சையாகும். உதறிவிட்டு வைப்பேன். எங்கே உதறினேன் என்றா கேட்பாய்? அறைக்குள்தான். கொசு வரும் என்று ஜன்னலைத் திறப்பதில்லை.

லென்ஸை அனுப்பும்போதே கிளாஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெறும் ஒளி என்ன கண்டுபிடிக்கப்போகிறது என்று நினைத்து அனுப்பினேனா, கண்டுபிடிக்கட்டும் என்று அனுப்பினேனா, இரண்டில் எது என்று இப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2001இல் உன் அப்பா டயலை மட்டும் கேட்கவில்லை. படுக்கையறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், "கிளாஸ் எங்க தங்கச்சி? அய்யோ, கிளாஸ் எங்க?" என்றார். போதை இறங்கிய முகம். "என் வீட்ல எது எங்க இருக்கணும்னு நீ சொல்ல வராத" என்று கதவைச் சாத்தினேன்.

ஆக அவருக்குத் தெரியும். கல்லறையில் நான் அவரைச் சொன்னபோதும் தெரியும். "கிளாஸைக் கழற்றியது நீ" என்று அந்த நாற்பத்தொரு பேர் முன்னால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை என்பது உன் கடிதங்களிலிருந்து தெரிகிறது. இருபது வருடம் அவர் அதை எனக்காக வாய்க்குள் வைத்திருந்தார். இப்போது வாய் போய்விட்டது.

பேரத்தில் நீ ஜெயிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் பேரத்தைப் பார்த்து வரவில்லை. சான்று இல்லாமல் சொன்ன சொல்லைச் சான்று கேட்காமல்தான் திரும்பப் பெற வேண்டும். வரும் ஞாயிறு, 22ஆம் தேதி, இரண்டாம் பூசை முடிந்து வருகிறேன். ஒரு நிபந்தனை. நாற்பத்தொரு பேர் முன்னால் சொன்னதை மூடிய அறைக்குள் திரும்பப் பெற மாட்டேன். உன் தெருவில் எத்தனை பேரைக் கூட்ட முடியுமோ கூட்டி வை.

ஆக்னஸ்


திருநின்றவூர்
24 செப்டம்பர் 2024

ஆன்ட்டி,

நீங்கள் கால்மணி நேரத்தில் போய்விட்டீர்கள். உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. ரயில் இருக்கிறது என்றீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நாற்பத்தொரு பேர் கிடைக்கவில்லை. பதினான்கு பேர். நீங்கள் வருவதற்கு முன் அவர்களோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரியக்கா, "இன்னா கலை, ஒன்ன பொண்ணு பாக்க வராங்களா? அதுக்கா இம்மாம் பேரு?" என்றார். உங்களைப் பார்த்ததும், "இவங்கதான் மாமியாரா? ஆத்தாடி, நா ஊட்டுக்குப் போறேன்" என்றார். நீங்கள் பேச ஆரம்பித்தபோது அவர்தான் முதலில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "உலகநாதன், நீங்க என் வீட்டுக்காரரக் கொன்னீங்கன்னு ஊர் முன்னால சொன்னேன். அது உண்மையான்னு தெரியாம சொன்னேன். டயல் கிளாஸ கழட்டினது நான். நீங்க வந்து எச்சரிச்சீங்க, கதவச் சாத்தினேன். சொன்னதத் திரும்ப எடுத்துக்கறேன்." உங்கள் வாயால் அப்பாவை 'நீங்க' என்று சொல்லிக் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை. அப்பா உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிக்கொண்டு போனது. ஏதோ சொல்ல வந்தார், வரவில்லை. நீங்கள் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கும்பிட்டுப் போனீர்கள்.

அவர் வார்த்தையைத் தேடிக்கொண்டே இருந்தார். மத்தியானம் முழுக்க. சாப்பாடு ஊட்டினால் என் கையைத் தள்ளினார். நாலரை மணிக்குச் சாமுண்டீஸ்வரியக்கா எட்டிப் பார்த்து, "இன்னா பெருசு, இன்னும் அந்தம்மாவ நெனச்சிகினு கீறியா?" என்று கேட்டார். அப்போதுதான் வந்தது. பிப்ரவரியிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைத் தவிர நான் கேட்ட முதல் புது வாக்கியம்.

"அப்போ யாரு?"

நேற்றும் அதைத்தான் கேட்டார். இன்று காலையும். பழைய வாக்கியத்தை அவர் சொல்வதே இல்லை, ஆன்ட்டி. அதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.  டாக்டர் ரொம்ப நாள் இல்லை என்கிறார். இந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்லட்டும்?

கலைவாணி


அம்பத்தூர்
27.9.2024

கலைவாணிக்கு,

புதன்கிழமை ஆட்கள் வந்தார்கள். டயலையும் மேஜையையும் திரைச்சீலையையும் எடுத்துப் போனார்கள். தரையைத் துடைத்த துணியைக்கூட விடவில்லை. அறையைச் சுத்தம் செய்யும்வரை பூட்டி வைத்திருக்கிறார்கள். ஹாலில் தூங்குகிறேன். மூக்குக் கண்ணாடியை நீயே வைத்துக்கொள்.

படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாய். எடுத்தேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை, இந்த வயதுக்கு நல்ல நுரையீரல் என்றார் அந்தப் பெண் டாக்டர். பிரஷ்ஷைப் பிடித்தது நான். உதறியது நான். இருபத்தேழு வருடம் அதே அறையில் மூச்சு விட்டதும் நான். எனக்கு ஒன்றும் இல்லை.

உன் அப்பாவின் கேள்விக்குப் பதிலாக முதலில் ஒரு தாளில் 'நான்' என்று எழுதினேன். பார்க்கப் பணிவாக இருந்தது. பிறகு கிழித்தேன். அதுவும் சான்றில்லாத தீர்ப்புதான். அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லி ஒரு மனிதரின் இருபது வருடத்தை எடுத்துக்கொண்டேன். என் பெயரிலேயே என்றாலும் இன்னொரு முறை அதைச் செய்ய மாட்டேன். பீடி என்று எழுத முடியாது. டயல் என்று எழுத முடியாது. ஆண்டவரின் சித்தம் என்று பங்குச் சாமியார் சொன்னார். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் அது உன் அப்பா கேட்டதற்குப் பதில் ஆகாது.

தெரியாது. எழுபத்தாறு வயதில் இந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது. அதை உன் மூலம் சொல்லி அனுப்புவது மரியாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அவரிடமே சொல்கிறேன். இந்த முறை கூட்டம் வேண்டாம். ரயிலுக்கு அவசரமும் இல்லை.

கேட்டுவிட்டு மறுநாள் மறந்துபோய் மறுபடியும் கேட்பார் என்று நீ சங்கடப்படலாம். கேட்கட்டும். அதற்கடுத்த ஞாயிறும் வந்து சொல்கிறேன். அவர் கேட்பது நிற்கும்வரை வருவேன். அவரும் போய்விட்டால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வேறு யாரும் இல்லை, கலைவாணி. பதிலும் இல்லாமல், கேட்கிறவரும் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக்னஸ்